திரையை மறைக்கும் போலி வைரஸ் எச்சரிக்கை: மூடுவது எப்படி, மூடிய பிறகு எதையெல்லாம் பார்ப்பது

திரை முழுக்க நீல நிறம். மேலே ‘விண்டோஸ் டிஃபெண்டர் செக்யூரிட்டி சென்டர்’ என்று ஒரு தலைப்பு. நடுவில் நாலைந்து பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ட்ரோஜன், ஸ்பைவேர் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகின்றன. ஒரு பிழை எண், அதற்குக் கீழே பெரிதாக ஒரு தொலைபேசி எண். ஸ்பீக்கரில் ஒரு குரல், கணினியை அணைக்க வேண்டாம், உங்கள் வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மவுஸ் அம்பு தெரியவில்லை. மூடுவதற்கான எக்ஸ் குறியையும் காணோம்.

இந்தக் கட்டத்தில் உங்கள் கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் பார்ப்பது ஒரு இணையப் பக்கம். செய்தித்தளம், சமையல் குறிப்பு போல அதுவும் ஒரு பக்கம்தான். முழுத்திரைக்கு விரிந்து, விண்டோஸ் மாதிரி வேடம் போட்டிருக்கிறது. அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டாலோ, அது தரும் கோப்பை நிறுவினாலோ, அது சொல்லும் விசைகளை அழுத்தினாலோதான் ஆபத்து தொடங்கும். அதுவரை உங்கள் வேலை பக்கத்தை மூடுவது மட்டும்.

பக்கத்தை மூடுவது

முதலில் கீபோர்டிலோ ஸ்பீக்கரிலோ ஒலியை நிறுத்துங்கள். அந்தக் குரல் நின்றாலே பாதிப் பதற்றம் போய்விடும், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

பக்கத்துக்குள் இருக்கும் எதையும் கிளிக் செய்யாதீர்கள். ‘கேன்சல்’, ‘க்ளோஸ்’, அங்கே வரைந்து வைத்திருக்கும் எக்ஸ் குறி எல்லாமே படங்கள்தான். பயனர் எங்கேயாவது கிளிக் செய்தாலோ ஒரு விசையை அழுத்தினாலோ தவிர, ஒரு பக்கம் தானாக முழுத்திரைக்குப் போக பிரவுசர்கள் அனுமதிப்பதில்லை. அந்த ஒரு கிளிக்கை வாங்குவதற்காகத்தான் அத்தனை பொத்தான்களை வைத்திருக்கிறார்கள். நீங்கள் ‘கேன்சல்’ அழுத்தியதும் பக்கம் முழுத்திரையாகி, மவுஸ் அம்பையும் மறைத்துவிடுகிறது.

இப்போது எஸ்கேப் விசையை அழுத்தி மூன்று நான்கு விநாடி விடாமல் பிடியுங்கள். சும்மா தட்டிவிட்டு எடுத்தால் வேலை செய்யாமல் போகலாம். குரோம், எட்ஜ் பிரவுசர்களில் முழுத்திரைக்குப் போன ஒரு பக்கம் எஸ்கேப் விசையின் தட்டலைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அழுத்திப் பிடித்தால் பிரவுசர் முழுத்திரையிலிருந்து வெளியே வந்தே தீரும். சிலர் எஸ்கேப்பைப் பத்து முறை தட்டிப் பார்த்துவிட்டு, கணினி பூட்டப்பட்டுவிட்டது என்று நம்பி அந்த எண்ணைக் கூப்பிடுவது இது தெரியாததால்தான். எஃப்11 விசையையும் அழுத்திப் பார்க்கலாம். லேப்டாப்பில் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

மேலே டேப் வரிசை தெரிந்ததும் கன்ட்ரோலுடன் டபிள்யூ அழுத்தினால் அந்த டேப் மூடிவிடும். ‘லீவ் சைட்?’ என்று ஒரு சிறு பெட்டி வந்தால் அதில் ‘லீவ்’ கொடுங்கள். அது பிரவுசரே கேட்கும் கேள்வி, பயப்பட வேண்டாம்.

அப்படியும் மூடாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். இந்தச் சேர்க்கை நேராக விண்டோஸுக்குப் போகிறது. எந்த இணையப் பக்கமும் இதைத் தடுக்க முடியாது. திரை மாறி ‘லாக்’, ‘சைன் அவுட்’, ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பட்டியல் வந்தால் உங்கள் கணினி உங்கள் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். வேறு டேப்பில் பாதி நிரப்பி வைத்த விண்ணப்பம் ஏதாவது இருந்தால் அது போய்விடும், அதற்கு வழியில்லை. மேக் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் வரும் பெட்டியில் பிரவுசரைத் தேர்ந்து ‘ஃபோர்ஸ் க்விட்’ கொடுக்க வேண்டும்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அணைத்தால் கோப்புகள் அழிந்துவிடும் என்று அந்தப் பக்கம் சொல்வது பொய். சேமிக்காத வேலை மட்டும் போகும்.

மறுபடி திறந்தால் அதே பக்கம் வருகிறதா

பலர் தடுமாறும் இடம் இது. பிரவுசரை வலுக்கட்டாயமாக மூடியதால், அடுத்த முறை திறக்கும்போது ‘ரீஸ்டோர் பேஜஸ்?’ என்று கேட்கும். அந்தப் பெட்டியை எக்ஸ் கொடுத்து மூடிவிடுங்கள். ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் அந்த எச்சரிக்கையும் சேர்ந்து திரும்பி வரும்.

கேட்காமலே பழைய டேப்கள் திறந்துகொண்டால், செட்டிங்ஸில் ‘கன்டின்யூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்’ தேர்வாகியிருக்கிறது என்று பொருள். அப்போது வைஃபையை அணைத்துவிட்டு, அல்லது ரவுட்டரிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு பிரவுசரைத் திறங்கள். இணையம் இல்லாததால் அந்தப் பக்கம் பெரும்பாலும் ஏற முடியாமல் வெறும் டேப்பாக நிற்கும். நிதானமாக மூடிவிட்டு, செட்டிங்ஸில் ‘ஆன் ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய் ‘ஓபன் தி நியூ டேப் பேஜ்’ என்று மாற்றி, பிறகு இணைப்பைக் கொடுங்கள். மேக்கில் சஃபாரியைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு திறந்தால் பழைய ஜன்னல்கள் வராது.

கடைசியாக ஹிஸ்டரியில் அன்றைய பட்டியலைப் பார்த்து அந்த முகவரியை நீக்குங்கள். நீக்காவிட்டால், முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து அடிக்கும்போதே பிரவுசர் அதை எடுத்துக்கொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த எச்சரிக்கைக்குச் சற்று முன்பு எந்தத் தளத்தில் இருந்தீர்கள் என்பதும் அதே பட்டியலில் தெரியும். இலவசமாகப் படம் காட்டும் தளங்கள், கிரிக்கெட் நேரலை என்று சொல்லும் தளங்கள், ஒன்றுக்கு நான்கு ‘டவுன்லோட்’ பொத்தான் வைத்திருக்கும் தளங்கள், தேடல் முடிவின் மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று வரும் விளம்பரங்கள், ஓரெழுத்துத் தவறாக அடித்த முகவரி: இவற்றில் ஒன்றாக இருப்பதே வழக்கம்.

எச்சரிக்கை வராமல், பின்செல்லும் அம்பை எத்தனை முறை அழுத்தினாலும் அதே பக்கம் வரும் தந்திரமும் உண்டு. பக்கம் தன் பெயரையே ஹிஸ்டரியில் பல முறை எழுதிவைத்திருக்கும். அந்த அம்பை அழுத்திப் பிடித்தால் முந்தைய பக்கங்களின் பட்டியல் விரியும்; வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். டேப்பையே மூடிவிடுவது இன்னும் எளிது.

அந்தப் பக்கத்துக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்

‘உங்கள் ஐபி முகவரி இது, உங்கள் ஊர் இது, நீங்கள் பயன்படுத்தும் நிறுவனம் இது’ என்று காட்டும்போதுதான் பலர் நம்பிவிடுகிறார்கள். இந்த விவரம் நீங்கள் திறக்கும் எல்லாத் தளத்துக்குமே போகிறது. ஐபி முகவரியை வைத்து இணைய நிறுவனத்தின் பெயரையும் உத்தேசமாக ஊரையும் சொல்லிவிடலாம். உத்தேசம்தான், திருநெல்வேலியில் இருப்பவருக்குச் சென்னை என்று காட்டுவது சாதாரணம். எந்த பிரவுசர், விண்டோஸா மேக்கா என்பதும் தெரியும்.

உங்கள் கோப்புகளை அந்தப் பக்கம் பார்க்க முடியாது. எந்த ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. சி டிரைவில் ஒவ்வொரு கோப்பாகச் சோதிப்பதுபோல ஓடும் பச்சைப் பட்டை, ஏற்கெனவே செய்து வைத்த அசைபடம். சி டிரைவ் என்ற ஒன்றே இல்லாத மேக்கிலும் சில பக்கங்கள் அதே பட்டையை ஓட்டுகின்றன. வைரஸ் இல்லாத கணினியிலும் இருப்பதாகவே காட்டும், ஏனென்றால் அது எதையும் சோதிக்கவில்லை.

உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: தங்கள் பிழைச் செய்தியிலும் எச்சரிக்கையிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. ஆகவே எண் இருந்தால் போலி. இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

குரோம் ஒரு தளத்தை ஆபத்தானது என்று கருதினால் சிவப்புத் திரை காட்டும். அதில் குரல் ஒலிக்காது, பணம் கேட்காது, ‘பேக் டு சேஃப்டி’ என்று பின்வாங்கச் சொல்லும். உண்மை எச்சரிக்கை உங்களை அந்தத் தளத்திலிருந்து விலகச் சொல்கிறது. போலி எச்சரிக்கை உங்களைக் கூப்பிடச் சொல்கிறது, நிறுவச் சொல்கிறது, புதுப்பிக்கச் சொல்கிறது.

விண்டோஸ் தானே ஏதாவது கண்டுபிடித்ததா என்று சந்தேகமாக இருந்தால், திரையில் வந்ததைத் தொடாமல் ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ பகுதியில் ‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’ இருக்கும். உண்மையில் ஏதாவது பிடிபட்டிருந்தால் அங்கே தேதியோடு பதிவாகியிருக்கும்.

போலி என்று தவறாக நினைத்துவிடக்கூடிய ஒரு உண்மை எச்சரிக்கையும் உண்டு. ‘யுவர் கனெக்ஷன் இஸ் நாட் ப்ரைவேட்’ என்று ஒரே நாளில் எல்லாத் தளத்திலும் வரத் தொடங்கினால், முதலில் திரையின் கீழ் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், சுவிட்ச்சை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி 2015 என்று நினைத்துக்கொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு, ‘டேட் அண்ட் டைம்’ செட்டிங்ஸில் ‘சிங்க் நவ்’ கொடுத்தால் எச்சரிக்கை போய்விடும். மறுநாளும் அதே கதை என்றால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்: மின் வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கொக்கியை மெல்ல நெம்பினால் பேட்டரி எழும்பி வரும், கூட்டல் குறி போட்ட பக்கம் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதை வையுங்கள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

தேதி சரியாக இருந்து, ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால், அதுவும் வங்கித் தளமாக இருந்தால், ‘அட்வான்ஸ்டு’ வழியாக உள்ளே போகாதீர்கள். வேறு இணைப்பில் முயன்று பாருங்கள்.

மூலையில் வந்துகொண்டே இருக்கும் எச்சரிக்கைகள்

வீட்டுக் கணினிகளில் முழுத்திரை மிரட்டலைவிட அதிகமாகத் தொல்லை தருவது இந்த வகை. திரையின் வலது கீழ் மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பெட்டி எழும்: ‘உங்கள் மெக்கஃபி சந்தா முடிந்துவிட்டது’, ‘ஐந்து வைரஸ்கள் உள்ளன’, ‘நார்ட்டனை உடனே புதுப்பிக்கவும்’. அந்த ஆன்டிவைரஸை வாங்கியே இராதவர்களுக்கும் வரும். பிரவுசரை மூடிய பிறகும் வரும். கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட் செய்துகொண்டு வருகிறார்கள். தேவையே இல்லை, இரண்டு நிமிட வேலை.

இவை பிரவுசர் நோட்டிபிகேஷன்கள். என்றோ ஒருநாள் ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்துங்கள்’ என்றோ, ‘வீடியோ பார்க்க அலோ அழுத்துங்கள்’ என்றோ சொல்லியிருக்கும். அந்த ‘அலோ’, உங்கள் திரையில் எப்போது வேண்டுமானாலும் செய்தி போடலாம் என்று அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதி. ரோபோ சோதனைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உண்மையான ரோபோ சோதனை எதுவும் ‘அலோ’ கேட்காது.

பெட்டியை உற்றுப் பாருங்கள். மெக்கஃபி சின்னம் பெரிதாக இருக்கும், ஆனால் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘கூகுள் குரோம்’ அல்லது ‘மைக்ரோசாஃப்ட் எட்ஜ்’ என்றும், கூடவே வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நடுவில் கிளிக் செய்ய வேண்டாம்.

குரோமில் வலது மேல் மூலையின் மூன்று புள்ளி, ‘செட்டிங்ஸ்’, ‘ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிபிகேஷன்ஸ்’ என்று போங்கள். கீழே ‘அலவ்டு டு செண்ட் நோட்டிபிகேஷன்ஸ்’ என்ற பட்டியலில் தளங்கள் வரிசையாக இருக்கும். நீங்கள் அறியாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி ‘பிளாக்’ கொடுங்கள். ‘ரிமூவ்’ கொடுத்தால் பட்டியலிலிருந்து போகும், ஆனால் அடுத்த முறை அதே தளம் மறுபடி அனுமதி கேட்கலாம். ‘பிளாக்’ கொடுத்தால் கேட்கவே முடியாது. பட்டியல் நீளமாக இருந்தாலும் ஒன்றையும் விடாமல் பாருங்கள். இந்தத் தளங்கள் ஒன்று மற்றொன்றுக்கு அழைத்துப் போய், ஒவ்வொன்றிலும் ‘அலோ’ வாங்கியிருக்கும்.

அதே பக்கத்தின் மேலே, தளங்கள் நோட்டிபிகேஷன் கேட்கவே கூடாது என்ற தேர்வு இருக்கிறது. பெற்றோர் பயன்படுத்தும் கணினியில் தயங்காமல் அதைப் போட்டுவிடுங்கள். நோட்டிபிகேஷன் இல்லாததால் மின்னஞ்சலோ வங்கித் தளமோ வேலை செய்யாமல் போகாது.

எட்ஜில் செட்டிங்ஸுக்குள் தளங்களுக்கான அனுமதிகள் பகுதியில் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவதால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ என்று அடிப்பதே வேகமான வழி. ஃபயர்பாக்ஸில் ‘ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘பெர்மிஷன்ஸ்’ வரை இறங்கி, நோட்டிபிகேஷன்ஸ் எதிரே உள்ள ‘செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே தளங்களை நீக்கி, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் கட்டத்தில் டிக் போட்டு, ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காமல் மூடினால் எதுவும் மாறியிருக்காது. சஃபாரியில் செட்டிங்ஸின் ‘வெப்சைட்ஸ்’ பகுதிக்குள் நோட்டிபிகேஷன்ஸ் இருக்கிறது.

பிரவுசரை மூடிய பிறகும் இவை வருவதற்குக் காரணம், குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதியில், குரோமை மூடிய பின்னும் பின்னணிச் செயலிகளை ஓட விடும் தேர்வு ஒன்று இருக்கிறது; அதை அணைத்துவிடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் தொடர்ந்தால்

அடுத்துப் பார்க்க வேண்டியது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு செயலிகள். மூன்று புள்ளியில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’, ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’. பிடிஎஃப் மாற்றி, வீடியோ இறக்கி, கூப்பன், வானிலை என்று நீங்கள் தெரிந்து போடாத எதையும் ‘ரிமூவ்’ செய்யுங்கள். நீக்கியது மறுநாள் திரும்பி வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அதே கூகுள் கணக்கில் இணைந்திருக்கும் இன்னொரு கணினியிலிருந்து சிங்க் வழியாக வருகிறது. அங்கேயும் நீக்க வேண்டும். இன்னொன்று, கணினியில் நிறுவப்பட்ட ஒரு செயலி அதைத் திரும்பப் போடுகிறது. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி நிறுவப்பட்டவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று வீட்டுக் கணினியில் தெரிந்தால் கவனியுங்கள். அலுவலகக் கணினியில் அது இயல்பு. வீட்டில், சில ஆன்டிவைரஸ் செயலிகளாலும் வரும். தீய செயலி தன் எக்ஸ்டென்ஷனை உங்களால் நீக்க முடியாதபடி பூட்டி வைத்தாலும் வரும். ‘ரிமூவ்’ பொத்தானே இல்லாத, நீங்கள் அறியாத எக்ஸ்டென்ஷன் ஒன்று கூடவே இருந்தால் இரண்டாவது காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதன் பிறகு குரோம் செட்டிங்ஸின் ‘ரீசெட் செட்டிங்ஸ்’. புக்மார்க்கும் ஹிஸ்டரியும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே இருக்கும். தேடுபொறி, தொடக்கப் பக்கம் பழைய நிலைக்குப் போகும், எக்ஸ்டென்ஷன்கள் முடக்கப்படும், நீங்கள் லாகின் செய்ததைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கீகள் அழிவதால் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். ஃபயர்பாக்ஸில் இதற்கு ‘ரீஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்’ என்று பெயர்.

வைரஸ் சோதனைக்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஃபுல் ஸ்கேன்’ ஓட விடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் சில மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். பிடிவாதமானவற்றுக்கு அதே பட்டியலில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. கணினி தானே மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம். லேப்டாப்பில் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தச் சொன்னால்

இது புதிய வகை, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மோசமானது. பக்கத்தில் வழக்கமான ‘நான் ரோபோ இல்லை’ கட்டம் இருக்கும். டிக் போட்டதும் மூன்று படி காட்டும்: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோலோடு வி அழுத்துங்கள், என்டர் அழுத்துங்கள். நீங்கள் டிக் போட்ட நொடியில் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (நகலெடுத்தது ஒட்டும் வரை தங்கும் இடம்) வைத்துவிடுகிறது. விண்டோஸும் ஆரும் சேர்ந்தால் ‘ரன்’ பெட்டி திறக்கும். அடுத்த இரண்டு படியில் நீங்களே உங்கள் கையால் அந்தக் கட்டளையை ஒட்டி இயக்கிவிடுகிறீர்கள். பிரவுசரின் வேலிக்கு வெளியே, உங்கள் அதிகாரத்தில் அது ஓடுகிறது. ஒட்டும் கட்டளையின் கடைசியில் சோதனை எண் மாதிரி சில சொற்களை வைத்து, சிறிய ‘ரன்’ பெட்டியில் அந்தப் பகுதி மட்டும் கண்ணில் படும்படி செய்திருப்பார்கள். மேக்கில் ‘டெர்மினல்’ திறந்து ஒட்டச் சொல்வார்கள்.

இப்படி வருபவை பெரும்பாலும் பாஸ்வேர்டு திருடிகள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவு வாங்கி முடக்கிய லும்மா என்ற திருடி இந்த வழியிலும் பரப்பப்பட்டதுதான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு லாகின் குக்கீகளையும் எடுத்துப் போவதால், ஓடிபி கேட்கும் கணக்கிலும் ஓடிபி இல்லாமலே நுழைய முடிகிறது.

என்டர் அழுத்திவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறும் தேர்வைக் கொடுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் திருடிய குக்கீ பல தளங்களில் செல்லுபடியாகவே இருக்கும். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியிலேயே பாஸ்வேர்டு மாற்றினால் புதியதும் திருடுபோகும். படங்கள், ஆவணங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’, ‘ரீசெட் திஸ் பிசி’ வழியாக ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவது நல்லது. போலி எச்சரிக்கை விஷயத்தில் ஃபார்மட் தேவைப்படும் இடம் இதுவும், அடுத்து வருவதும்தான்.

அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டால்

கூப்பிட்டவுடன் அவர்கள் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்ற ஒன்றை நிறுவச் சொல்வார்கள், அல்லது விண்டோஸிலேயே இருக்கும் ‘க்விக் அசிஸ்ட்’டைத் திறக்கச் சொல்வார்கள். வேறிடத்தில் இருப்பவர் உங்கள் கணினியைப் பார்த்து இயக்க உதவும் இவை நல்ல செயலிகள்தான்; இணைப்பதற்கான எண்ணைத் தவறான ஆளிடம் கொடுப்பதுதான் ஆபத்து. உள்ளே வந்ததும் விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ‘ஈவண்ட் வியூவர்’ திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்பார்கள். நன்றாக ஓடும் எந்த விண்டோஸிலும் அங்கே சிவப்புக் குறிகள் நிறைய இருக்கும். இந்த மாதிரி போலி உதவி மையங்களைக் குறிவைத்து, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களையும் சேர்த்து, 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது.

அழைப்பை வெட்டுங்கள், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வைஃபையை அணையுங்கள், அந்தச் செயலியை ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலிலிருந்து நீக்குங்கள். கைபேசியிலும் ஏதாவது நிறுவச் சொல்லியிருந்தால் அதையும் நீக்குங்கள். அவர்கள் கணினியில் எவ்வளவு நேரம் இருந்தார்கள், என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், மேலே சொன்னபடி விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு. கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணுக்கு வேண்டாம், அதிலும் போலிகள் உண்டு. அடுத்த அழைப்பு 1930, தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் பல கணக்குகளுக்குத் தாவும் முன்பு நிறுத்தி வைக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு, ஆகவே நிமிடங்கள் முக்கியம். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்; பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 1799, மலேசியாவில் 997. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, ஓடிபி அல்லது பின் எண்ணைப் பகிர்ந்ததால் போன பணம் வாடிக்கையாளரின் இழப்பு என்றது. ஆனால் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு என்றும் சொன்னது. புகார் எண்ணையும் சொன்ன நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ள இதுவே காரணம்.

இனி வராமலிருக்க

இந்தப் பக்கங்களில் பெரும்பகுதி விளம்பரங்கள் வழியாகத்தான் வருகிறது. ஆகவே விளம்பரத் தடுப்பான் ஒன்று போடுவது வேறெதையும்விட அதிகமாக உதவும். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு, இரண்டும் இலவசம். பெயரைச் சரியாகப் பார்த்து நிறுவுங்கள், ஒத்த பெயரில் வேறு சில உலவுகின்றன. எட்ஜ் செட்டிங்ஸில் ‘ஸ்கேர்வேர் பிளாக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. முழுத்திரை மிரட்டலைக் கண்டுகொண்டு தானே நிறுத்தும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும் பயன்படுத்தும் கணினியில் அவர்களுக்கு ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொண்டால், பல செயலிகளை உங்களைக் கேட்காமல் நிறுவ முடியாது. வங்கி, அரசுச் சேவைத் தளங்களின் சரியான முகவரியை புக்மார்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டால், தேடி விளம்பரத்தில் மாட்டுவதும் குறையும்.

ஒருமுறை பணம் கொடுத்தவர்களுக்குச் சில வாரமோ மாதமோ கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும். எங்கள் நிறுவனம் மூடப்படுகிறது, நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், கணினியைத் திறந்து வையுங்கள் என்பார்கள். உங்களை நெட்பேங்கிங்கில் நுழைய வைத்து, திரையைக் கொஞ்ச நேரம் கறுப்பாக்கி, பிரவுசரின் ‘இன்ஸ்பெக்ட்’ வசதியால் பக்கத்தில் தெரியும் மீதித் தொகையின் எண்ணை மாற்றி எழுதுவார்கள். 5,000 ரூபாய்க்குப் பதில் 50,000 அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுவார்கள், பிறகு மிரட்டுவார்கள். அந்த எண் உங்கள் திரையில் மட்டும்தான் மாறியிருக்கும். பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய தொகை வந்துவிடும். வேறு கைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்தோ, ஏடிஎம்மில் மினி ஸ்டேட்மெண்ட் எடுத்தோ பார்த்தாலும் அப்படி ஒரு வரவு இருக்காது.